மின்ஜியின் வலது கையும் என் இடது காலும்

ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு வந்த நாள் தொடக்கம் காண்கிற எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "சுகிர்தா, காலுக்கு என்ன நடந்தது?" கோயிலடியில் கேட்கிறார்கள், பஸ்ஸுக்குள் கேட்கிறார்கள், பலெர்மோவில் நாங்கள் இருக்கிற சீசாப் பகுதியில், எங்கள் மாடிப்படியில் மூச்சு வாங்கி நிற்கும்போதும் மறித்துக் கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி வாய் உளைந்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன். ஆனால் என் காலைப் பற்றி மட்டும் எழுத முடியாது. பக்கத்துக் கட்டிலில் கிடந்த கொரியாப் பிள்ளையின் கையையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். இரண்டும் ஒரே அறையில், ஒரே காற்றாடிக்குக் கீழே வெந்துகொண்டு கிடந்தவை.

எனக்குக் கோபம் கெதியில் வரும். "உனக்கு ரத்தம் கட்டினது அதிசயமில்லை, கொதிச்சுக் கொதிச்சே கட்டியிருக்கும்" என்று என் மனுசன் தேவன் இப்போதும் பகிடி பண்ணுவார். ஆகவே இதில் எரிச்சல் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜூலையில் நடக்கும், பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் திருவிழா முடிந்த கையோடு என் இடது கெண்டைக்கால் வீங்கத் தொடங்கியது. நான் லிபெர்த்தா வீதியில் ஒரு பணக்கார அம்மா வீட்டில் வேலை செய்கிறேன், சிஞ்ஞோரா என்றுதான் அவரைக் கூப்பிட வேண்டும். மாபிள் தரை, ஆளுயரத்துக்கு மேல் போகும் யன்னல்கள், நடக்க மாட்டாத ஒரு கிழநாய். நாள் முழுக்க நிற்கிற கால் வீங்காமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டேன். எங்கள் ஆட்களுக்கு வீக்கம் என்றால் ஒரே வைத்தியம், எண்ணெய் போட்டு உருவுவது. தேவன் பின்னேரம் பின்னேரமாக நல்லெண்ணெய் சூடாக்கி முழங்காலில் இருந்து குதி வரை அழுத்தி உருவிவிட்டார். பாவம், மனுசன் அன்போடுதான் செய்தார். பிறகு டொக்டர் இதைக் கேள்விப்பட்டபோது இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

விசயம் இதுதான். காலின் ஆழத்தில் ஓடும் நாளம் ஒன்றுக்குள் இரத்தம் உறைந்து கட்டியாகியிருந்தது. அந்தக் கட்டி கிடந்த இடத்தில் கிடந்தால் வீக்கமும் நோவும்தான். கழன்று மேலே போனால் நெஞ்சறைக்குள் போய் நுரையீரலின் குழாயை அடைக்கும். என்னுடையதில் ஒரு துண்டு ஏற்கனவே போய்விட்டது. சிஞ்ஞோராவின் மாடிப்படியில் ஒரு நாள் நான் மூச்செடுக்க முடியாமல் குந்தியதும், அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அதனால்தான். "இன்னும் பெரிய துண்டு போயிருந்தால் நாங்கள் இப்படிக் கதைத்துக்கொண்டிருக்க மாட்டோம்" என்று அந்தப் பெண் டொக்டர் சொன்னார். போரில் குண்டுக்கும் ஷெல்லுக்கும் தப்பி வந்தவள் மனுசனின் எண்ணெய் உருவலில் போயிருப்பேன். பயத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

வைத்தியம் இரண்டு. முதலாவது, தொப்புளைச் சுற்றி ஊசி. வயிறு முழுக்க நாவல்பழ நிறத்தில் கண்டிப்போகும். இரண்டாவது, இரத்தத்தை இளக்கும் குளிசை. இந்தக் குளிசை கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. அதனால் காலையில் இரத்தம் எடுத்து அது எவ்வளவு இளகியிருக்கிறது என்று காட்டும் ஒரு எண் பார்ப்பார்கள். அது இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் வந்து நின்றால்தான் வீட்டுக்கு விடுவார்கள். என்னுடைய எண் ஒன்றைத் தாண்ட மாட்டேன் என்று அடம் பிடித்தது. குளிசையைக் கூட்டினார்கள். அசையவில்லை. இன்னும் கூட்டினார்கள். அசையவில்லை. மற்றப்படி எதைக் கேட்டாலும் ஒரே பதில், "தோப்போ பெர்ரகோஸ்தோ." ஆகஸ்ட் நடுவில் வரும் பெருநாள் விடுமுறைக்குப் பிறகு என்று அர்த்தம். ஸ்கான் மெசின் பழுது, திருத்துகிறவர் பெர்ரகோஸ்தோவுக்குப் பிறகு. பெரிய டொக்டர் கடற்கரையில், பெர்ரகோஸ்தோவுக்குப் பிறகு. யன்னல் திறாங்கு உடைந்திருக்கிறது, அதுவும் பெர்ரகோஸ்தோவுக்குப் பிறகு. சாவும் அதற்குப் பிறகு வந்தால் நல்லது என்று தேவனிடம் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த நிலைமையில்தான் மின்ஜி வந்தாள். வயது இருபத்தொன்று, நெடுவல், வெயிலில் கறுத்த கால்கள், தோளில் அவளில் பாதி உயரத்துக்கு ரக்கெட் பை. வலது கை தோளில் இருந்து விரல் வரை ஊதி, ஊதா நிறத்தில் இருந்தது. பலெர்மோவில் ஒரு கிளப்பில் நடந்த பெண்கள் டென்னிஸ் போட்டிக்கு வந்தவள். அந்தக் கையோடு ஒரு ஆட்டம் வேறு வென்றிருக்கிறாள். கிளப் டொக்டர் கண்டுபிடித்து இழுத்து வந்திராவிட்டால் அடுத்த ஆட்டமும் ஆடியிருப்பாள்.

அவளுக்கு இத்தாலியன் ஒரு சொல் தெரியாது. டொக்டருக்கு இங்கிலீஷ் இரண்டு சொல் தெரியும். எனக்கு இங்கிலீஷ் கொஞ்சம் வரும், சமாதான காலத்தில் கிளிநொச்சியில் ஒரு வெளிநாட்டு நிறுவன அலுவலகத்தில் வேலை பார்த்தவள். அப்படித்தான் சம்பளமில்லாத மொழிபெயர்ப்பாளராக என்னைப் பிடித்துப் போட்டார்கள். எங்கள் இருவரின் இங்கிலீஷையும் உள்ளபடி எழுதினால் வாசிக்கிறவர்களுக்குக் காய்ச்சல் வரும். அதனால் எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன். அவள் என்னை "ஒன்னி" என்று கூப்பிட்டாள். அவர்கள் பாசையில் ஒரு பெண் தன் அக்காவைக் கூப்பிடுகிற சொல்.

முதல் நாளே சண்டை. நேர்ஸ் சேலைன் போத்தலைக் கொண்டுவந்து தொங்கவிட்டாள். மின்ஜி இடது கையைப் போர்வைக்குள் ஒளித்துவிட்டாள். நேர்ஸ் கொஞ்சினாள், பிறகு கத்தினாள். "ஊசிக்குப் பயந்தவளா இவள்? கேட்டுச் சொல்" என்று என்னிடம் வந்தாள்.

"ஏன் பிள்ளை மாட்டன் எண்டுறாய்?" என்றேன்.

"ஊக்க மருந்துச் சட்டம், ஒன்னி. காரணமில்லாமல் போத்தல் கணக்கில நரம்புக்குள்ள ஏத்தினால் வருசக்கணக்கில விளையாடவிட மாட்டினம். எழுத்தில அனுமதி வேணும்."

"ஆஸ்பத்திரியில கிடக்கிறதே காரணம்தானே?"

"ஆர் சொன்னது? எழுத்தில காட்டச் சொல்லுங்கோ."

நான் இதை இத்தாலியனில் சொன்னேன். நேர்ஸ் இடுப்பில் கை வைத்தாள். "இங்கே ஒலிம்பிக் நடக்கவில்லை. இது ஆஸ்பத்திரி என்று சொல்." சொன்னேன். மின்ஜி அசையவில்லை. கொரியாவில் அவளுடைய சங்கத்துக்குச் செய்தி அனுப்பி, ஆஸ்பத்திரி வைத்தியம் என்றால் பிரச்சினை இல்லை என்று பதில் வந்த பிறகுதான் கையை நீட்டினாள். அதற்குள் எனக்கு இரு பக்கமும் ஏச்சு வாங்கி உயிர் போய்விட்டது. பிறகு கண்டேன், அவள் எதையும் பெயர் பார்க்காமல் வாய்க்குள் போடுவதில்லை. தலையிடிக் குளிசை, இருமல் பாணி, யாரோ தந்த பிஸ்கட், எல்லாவற்றையும் போனில் தேடிப் பார்ப்பாள். சரியான விசர் என்று மனதுக்குள் திட்டினேன்.

அவளுடைய நோயும் என்னுடையதன் தங்கச்சிதான். தோளுக்குக் கீழே, கழுத்துப்பட்டை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவில் ஒரு ஒடுக்கமான சந்து இருக்கிறது. கையின் பெரிய நாளம் அதற்குள்ளால்தான் போகிறது. சிலருக்கு அந்தச் சந்து பிறப்பிலேயே இறுக்கம். சும்மா இருந்தால் ஆயுசுக்கும் தெரியவராது. ஆனால் டென்னிஸில் சேர்வ் போடும்போது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் அடிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் எலும்பு நாளத்தை நசிக்கும். நசிந்து நசிந்து உள்ளே காயப்பட்டு இரத்தம் கட்டிவிட்டது.

"வீங்கினது தெரிஞ்சும் ஏன் விளையாடினனி?" என்று கேட்டேன்.

"நோகுது எண்டு சொன்னால், தோக்கப்போறன் எண்டு அர்த்தம். சின்னனில இருந்தே எங்களுக்கு அப்பிடித்தான்" என்றாள். "நீங்கள் ஏன் வீங்கின காலோட வேலைக்குப் போனியள்?"

வாயாடி.

நாட்கள் இழுபட அவள் கதையையும் துண்டு துண்டாக அறிந்தேன். எட்டு வயதில் பள்ளிக்கூடத்தில் ரக்கெட் பிடித்தவள். தகப்பன் மீன் லொறி ஓட்டுகிறவர். விடியப் புறம் சந்தைக்கு மீன் இறக்கிவிட்டு அதே லொறியில் அவளைப் பயிற்சிக்குக் கொண்டுபோவாராம். உடுப்பெல்லாம் மீன் மணக்கும், மற்றப் பிள்ளைகள் மூக்கைப் பொத்துமாம். பள்ளி முடித்ததும் ஒரு நகரசபையின் டென்னிஸ் அணியில் இடம் கிடைத்தது. எங்கள் ஊரில் நகரசபை குப்பை அள்ளும், சந்தையில் வரி வாங்கும். அங்கே சம்பளமும் சாப்பாடும் அறையும் கொடுத்து டென்னிஸ் ஆட வைக்கிறதாம். உள்ளூர்ப் போட்டிகளில் நகரசபைக்காக ஆடினால் போதும், முப்பது வயது வரை கவலை இல்லை. தகப்பனுக்கு அதுதான் விருப்பம். இவள் ஒரு வருடத்தில் விட்டுவிட்டு வந்துவிட்டாள். உலகத் தரவரிசையில் ஏற வேண்டுமாம்.

"அப்பா என்ன சொன்னவர்?"

"நாலு மாசம் கதைக்கேல்லை."

அதற்குப் பிறகு தனி ஆளாகத் திரிந்திருக்கிறாள். துருக்கி, தாய்லாந்து, எகிப்து என்று பார்க்க வருவதற்கு ஆளில்லாத சின்னச் சின்னப் போட்டிகள். ஹோட்டல் கைகழுவும் தொட்டியில் பாவாடையைத் தோய்த்து, யன்னலில் காயப்போட்டு, அடுத்த நாள் அதையே போட்டு ஆடுவது. வென்றால் புள்ளி, தோற்றால் அன்றே பிளேன். அந்தப் புள்ளிகளும் நிரந்தரம் இல்லை. ஒரு வருடம் ஆனதும் கழன்று போகும், பிறகு அதே இடத்துக்குப் போய்த் திரும்ப வெல்ல வேண்டும். இப்படி ஏறி ஏறி, அந்தக் கோடையில்தான் முதல் தடவையாக நியூயோர்க்கில் நடக்கும் பெரிய போட்டியின் தகுதிச் சுற்றுக்கு அவள் பெயர் வந்திருந்தது. ஆகஸ்ட் கடைசியில் ஆட்டம். சிறுபிள்ளை போல என்னிடம் பட்டியலைக் காட்டினாள். கிட்டத்தட்டக் கடைசியில் அவள் பெயர்.

"இதில விளையாடினால் போதும், ஒன்னி. தோத்தாலும் பரவாயில்லை. விளையாடினனான் எண்டு இருக்கும்."

அந்த அறையில் எல்லாமே அதைச் சுற்றித்தான் நடந்தது. அவள் காலையில் கண்ணைத் திறந்ததும் முதலில் கையைத்தான் பார்ப்பாள், ஊதா குறைந்திருக்கிறதா என்று. என்னையும் பார்க்கச் சொல்லுவாள். நான் "குறைஞ்சிருக்கு" என்பேன். உண்மையாகவே குறைந்துகொண்டுதான் வந்தது.

என்னுடைய எண்தான் அசையவில்லை. அதற்கு விடை கண்டுபிடித்ததும் அவள்தான். என் மச்சாள், தேவனின் தங்கச்சி, ஒரேத்தோ வீதியில் இருக்கிறாள். நான் படுத்த பிறகு சிஞ்ஞோரா வீட்டில் என் வேலையைப் பார்த்தவளும் அவள்தான். வேலை முடிந்ததும் நேரே ஆஸ்பத்திரிக்கு வருவாள், பிளாஸ்கில் இலைக்கஞ்சியோடு. ஊரில் முல்லை, முசுட்டை, முருங்கை போட்டுக் காய்ச்சுவோம். இங்கே அவள் சந்தையில் தெனெரூமி வாங்குவாள். சிசிலிக்காரர் சூப் வைக்கிற நீட்டுச் சுரைக்கொடி இலை. அதோடு பசளி, வல்லாரை, ஊரிலிருந்து வந்த காய்ந்த முருங்கையிலை எல்லாம் அரைத்துப் பச்சைப் பசேல் என்று ஒரு கஞ்சி. "ரத்தம் ஊறும் மச்சாள், ஒரு சொட்டும் விடாமல் குடியுங்கோ" என்று பக்கத்தில் நின்று குடிக்க வைப்பாள். குடித்து முடிந்ததும், "சிஞ்ஞோராவுக்கு என்ரை சமையல் நல்லாப் பிடிச்சிட்டுது" என்பாள். எனக்கு வயிறு எரியும். கஞ்சியின் சூடு என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

ஒரு நாள் மின்ஜி கட்டிலில் எழுந்திருந்து பிளாஸ்கை எட்டிப் பார்த்தாள்.

"ஒன்னி, அந்தப் பச்சை என்ன?"

"இலைக்கஞ்சி. சத்து."

"ஒவ்வொரு நாளுமோ? டொக்டருக்குத் தெரியுமோ?"

"உது மருந்தில்லை பிள்ளை, கஞ்சி."

அவள் கேட்கவில்லை. இடது பெருவிரலால் போனில் தட்டத் தொடங்கினாள். என் குளிசையின் பெயரை மட்டையில் பார்த்து எழுதினாள். பிறகு போனை என் முகத்துக்கு முன்னால் நீட்டினாள். கடும்பச்சை இலைகளில் இரத்தத்தை உறைய வைக்கிற ஒரு விற்றமின் இருக்கிறது. அந்தக் குளிசை அதைத்தான் தடுக்கிறது. காலையில் டொக்டர் இளக்க, பின்னேரம் மச்சாள் இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

டொக்டர் முதல் நாளே என்னிடம் கேட்டவர், கீரை, பச்சை மரக்கறி நிறையச் சாப்பிடுகிறாயா என்று. "இல்லை" என்றேன். பொய் இல்லை. கீரை என்றால் கறி, சோற்றோடு சாப்பிடுவது. இலைக்கஞ்சி வருத்தக்காரருக்குக் கொடுப்பது. அது எப்படி மரக்கறிக் கணக்கில் வரும்? எங்கள் ஆட்கள் யாரைக் கேட்டிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். டொக்டர் இதைக் கேட்டு முதலில் சிரித்தார், பிறகு நான் வீணாகப் படுத்த நாட்களை நினைத்துக் கோபப்பட்டார். கோபப்பட வேண்டியவள் நான். மச்சாள் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள். கஞ்சி நின்றது. எண் ஏறத் தொடங்கியது.

இனி டாரியா. மின்ஜியோடு இரட்டையர் ஆட்டம் ஆடுகிற உக்ரேன் பிள்ளை. அடுத்த போட்டிக்குப் போகும் வரை பலெர்மோவில் நின்றாள். பீச் பழம் கொண்டுவருவாள், மின்ஜியின் தலையைக் கழுவிப் பின்னிவிடுவாள், போகும்போது என் கன்னத்திலும் கொஞ்சிவிட்டுப் போவாள். தங்கமான பிள்ளை என்றுதான் நினைத்திருந்தேன். பிறகு மின்ஜி அந்தப் பட்டியலைத் திரும்பக் காட்டினாள். நியூயோர்க்குக்கு இடம் கிடைக்காமல் காத்திருப்பவர்களில் முதல் பெயர் டாரியா. யாராவது ஒருத்தி விலகினால் இவள் உள்ளே போவாள்.

அடுத்த தடவை அவள் பீச் பழத்தோடு வந்தபோது எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அவள் போன பிறகு, "கொக்கு மாதிரி ஒற்றைக் காலில நிக்கிறாள், உனக்கு விளங்கேல்லையோ?" என்று வெடித்தேன்.

மின்ஜி பழத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "விளங்குது ஒன்னி. போன வருசம் ஒரு போட்டியில நான் விடியவில இருந்து சப்பாத்தும் போட்டுக்கொண்டு இருந்தனான், ஆருக்கும் வருத்தம் வராதோ எண்டு. மத்தியானம் ஒருத்தி சத்தி எடுத்தவள். எனக்கு இடம் கிடைச்சுது. சந்தோசத்தில ஓடினனான். அவளைத் திரும்பியும் பாக்கேல்லை." பழத்தில் ஒரு கடி கடித்தாள். "டாரியா பழமாவது கொண்டுவாறாள்."

அன்று பின்னேரம் மச்சாள் சிஞ்ஞோராவைப் பற்றிக் கதைத்தபோது, இவளும் கஞ்சியாவது கொண்டுவந்தவள்தானே என்று நினைத்துக்கொண்டு கேட்டேன்.

ஸ்கான் மெசின் கடைசியில் பெர்ரகோஸ்தோவுக்கு முன்னமே உயிர் பெற்றது, அதிசயம்தான். மின்ஜியைக் கொண்டுபோகும்போது என்னையும் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள், மொழிபெயர்க்க. கதிர் ஸ்கானில் கட்டி முக்கால்வாசி கரைந்துவிட்டது என்று தெரிந்தது. அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். பிறகு டொக்டர் தோளுக்குக் கீழே பசை பூசி, ஒலி கேட்கிற கருவியை வைத்தார். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும், என் காலிலும் வைத்தவர்கள். நாளத்தில் இரத்தம் ஓடுகிற சத்தம், காற்று இரைகிற மாதிரி. டொக்டர் என்னிடம் சொன்னார், "சேர்வ் அடிக்கிற மாதிரிக் கையை உயர்த்தச் சொல்."

மின்ஜி உயர்த்தினாள். சத்தம் நின்றது.

இறக்கினாள். சத்தம் வந்தது. டொக்டர் என் பக்கம் திரும்பி விளக்கம் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் திரும்பவும் உயர்த்தினாள். நின்றது. இறக்கினாள். வந்தது. கொஞ்சம் சரித்து உயர்த்திப் பார்த்தாள், முழங்கையை மடக்கிப் பார்த்தாள், தோளைப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தாள். ஏதாவது ஒரு விதத்தில் சத்தம் நிற்காமல் இருக்குமா என்று தேடினாள். எல்லா விதத்திலும் நின்றது. டொக்டர் "பாஸ்தா, பாஸ்தா", போதும் போதும் என்று மெதுவாகச் சொல்லிக் கருவியை எடுத்துவிட்டார். மொழிபெயர்க்க என்று என்னைக் கொண்டுபோயிருக்கவே தேவையில்லை.

குளிசை கட்டியைத்தான் கரைக்கும், எலும்பைக் கரைக்காது. முதல் விலா எலும்பை வெட்டி எடுக்க வேண்டும், பிறகு மாதக்கணக்கில் ஓய்வு. அதற்குள் புள்ளிகளில் பெரும்பங்கு கழன்றுவிடும். வெட்டாமல் ஆடினால் திரும்பக் கட்டும், நுரையீரலுக்கும் போகலாம்.

"ஒரே ஒரு போட்டி மட்டும்?" என்று கேட்கச் சொன்னாள். கேட்டேன்.

"அந்தக் கேள்விக்கு ஓம் என்று சொல்லுகிற டொக்டர் நான் இல்லை" என்றார் அவர்.

மின்ஜி தகப்பனுக்குப் போன் எடுத்தாள். எனக்கு அவர்கள் பாசை விளங்காது. ஆனால் அவள் நிறையக் கதைத்ததும் அவர் ஒரு வரி மட்டும் சொன்னதும் விளங்கியது. "என்னவாம்?" என்றேன். "நகரசபையை விடேக்கை நீதானே முடிவெடுத்தனி, இதையும் நீயே எடு எண்டுறார்." எனக்கு அந்த மனுசனின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது. "போகாதை" என்று அவர் சொல்லியிருந்தால் அவரைத் திட்டிக்கொண்டாவது வீட்டுக்குப் போயிருப்பாள். "போ" என்றிருந்தால் திட்டிக்கொண்டு நியூயோர்க் போயிருப்பாள். இரண்டும் இல்லாமல் பிள்ளையை நடுத்தெருவில் விட்டுவிட்டார்.

மச்சாளுக்கு விசயம் தெரிந்ததும் சாந்தா ரொசாலியாவின் மலைக்கு வெறுங்காலோடு ஏறுவதாக நேர்த்தி வைத்தாள். "என்னெண்டு நேந்தனி?" என்று கேட்டேன். "பிள்ளை விளையாடப் போகவேணும் எண்டு." "விசரி, போனால் செத்துப்போவாள்." "ஐயோ, அப்ப மாத்தி நேரட்டோ?" மின்ஜி என்னவென்று கேட்டாள். சொன்னேன். பல நாட்களுக்குப் பிறகு சிரித்தாள். "மாத்த வேண்டாம் எண்டு சொல்லுங்கோ" என்றாள்.

அந்த நாட்களில் எனக்கு யார்மேல் என்றில்லாமல் கோபம். சிகரெட் குடிக்கிற நேர்ஸுக்கு நல்ல நாளம். வெளியில் கத்துகிற ஐஸ்கிரீம் வண்டிக்காரனுக்கு நல்ல நாளம். ஒரு பிழையும் செய்யாமல், ஆசைப்பட்டதைத் தவிர வேறொன்றும் அறியாத பிள்ளைக்கு ஒரு சுண்டுவிரல் அகலச் சந்து இறுக்கமாக இருக்கிறது. இதற்கு யாரிடம் போய் முறையிடுவது?

முடிவை மறைத்து உங்களை இழுத்தடிக்க எனக்கு விருப்பமில்லை, ஆஸ்பத்திரி என்னை இழுத்தடித்தது காணும். அவள் நியூயோர்க் போகவில்லை. பறக்கலாம் என்று டொக்டர் விட்டதும் கொரியாவுக்குப் போய் எலும்பை எடுப்பித்தாள். இப்போது தகப்பனின் லொறியில் முன் ஆசனத்தில் இருந்து படம் அனுப்புகிறாள், தழும்பு காட்டி. கை பாரமாக இருக்கிறதாம். சேர்வ் இன்னும் போட்டுப் பார்க்கவில்லை. தரவரிசையில் அவள் பெயரைத் தேடக் கீழே, கீழே போக வேண்டும், ஒரு நாள் அங்கேயும் இருக்காது. திரும்ப ஆடுவாளா என்று என்னைக் கேட்காதீர்கள். அவளுக்கே தெரியாது.

நான் சொல்ல வந்தது அவள் விலகிய நாளைப் பற்றி. பெர்ரகோஸ்தோ அன்று, வாட்டில் பாதிப் பேர் இல்லை. வெளியில் சிறோக்கோ காற்று அடுப்பு வாயில் நிற்கிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. மத்தியானச் சாப்பாட்டுத் தட்டை அவள் தொடவில்லை. போனில் எதையோ எழுதி, அழித்து, எழுதி, கடைசியில் என்னிடம் நீட்டினாள்.

"பிழை இருக்கோ பாருங்கோ."

இரண்டு வரி. காயம் காரணமாக விலகுகிறேன், நன்றி. என்னுடைய இங்கிலீஷை நம்பி இதைத் திருத்தத் தருகிறாள். "பிழை இல்லை" என்றேன். திரும்ப வாங்கி நெடுநேரம் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அனுப்பினாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தட்டை இழுத்துப் பாஸ்தாவைச் சாப்பிடத் தொடங்கினாள். ஆறிப்போன பாஸ்தா.

தேவன் வந்து போனார். காற்றாடி சுற்றியது. வெயில் சரியும் நேரம் போன் அடித்தது. டாரியா. இத்தாலியின் வேறொரு மூலையில் ஏதோ போட்டியில் இருந்தாள். அவள் அழுகிற சத்தம் என் கட்டில் வரை கேட்டது. மன்னித்துக்கொள், மன்னித்துக்கொள் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். நடுவில் சிரித்தாள், திரும்ப அழுதாள். சந்தோசத்தை அடக்க அவளால் முடியவில்லை. மின்ஜி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அழாதை. நீ போய் வெல்லு" என்றாள் கடைசியில். நல்ல தெளிவான குரலில், சிரித்துக்கொண்டே சொன்னாள். போனை வைத்தாள்.

பிறகு மேலே பார்த்துக்கொண்டே கூப்பிட்டாள்.

"ஒன்னி."

"என்ன பிள்ளை?"

"வெல்லு எண்டு சொன்னனான்."

"கேட்டது. நல்லாச் சொன்னனி."

"உள்ளுக்க தோத்துப் போ எண்டுதான் சொன்னனான். முதல் ஆட்டத்திலயே. ஒரு செற் கூட எடுக்கக் கூடாது எண்டு." என் பக்கம் திரும்பினாள். "நான் கெட்டவளோ?"

நான் காலை இழுத்து இழுத்து அவளுடைய கட்டிலுக்குப் போய் இருந்தேன். புத்தி சொல்ல வேண்டிய வயது எனக்கு. ஆனால் நானும் மனதுக்குள் அதையேதான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

"இல்லையடி" என்றேன். "நீ இன்னும் விளையாட்டுக்காரி. அவ்வளவுதான்."

அப்போதுதான் உடைந்தாள். வந்த நாள் தொடக்கம் ஒரு ஊசிக்கும் சத்தம் போடாத பிள்ளை, என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வாட்டே கேட்கக் குளறினாள். நேர்ஸ் ஓடி வந்தாள். எங்கே நோகிறது, கேட்டுச் சொல் என்று என்னை அவசரப்படுத்தினாள்.

நான் கேட்கவில்லை. "கை" என்று மட்டும் சொன்னேன்.